சாயல் இல்லாத வழித்தோன்றல்கள்

ஓவிய ஆசிரியர் ஒருவரின் செல்வாக்கை அளக்க முற்படுவோர் மாணவர்களின் படைப்புகளில் அவர் சாயலைத் தேடுவது வழக்கம். வங்காளத்தின் சாந்திநிகேதனத்தில் அந்த அளவுகோல் பயன்படாது. அங்குள்ள கலாபவனம் என்னும் கலைப்பள்ளியை 1920களின் தொடக்கத்திலிருந்து 1951 வரை வழிநடத்திய நந்தலால் போஸிடம் (1882–1966) பயின்றவர்களுள் பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், சத்யஜித் ராய், கே. ஜி. சுப்ரமணியன் ஆகிய நால்வரும் வெவ்வேறு திசைகளில் சென்றவர்கள். எவருடைய படைப்பையும் நந்தலாலுடையது என்று மயங்க இடமில்லை. ஆயினும் நால்வரையும் சேர்த்து நோக்கும் சுவைஞர், அவர்கள் உலகைப் பார்த்த முறையில் ஓர் உறவு இருப்பதையும், அந்தப் பார்வை ஓர் ஆசிரியரிடம் பெற்றது என்பதையும் உணர்வார்.

நந்தலாலும் தம் குருவிடமிருந்து விலகி வளர்ந்தவரே. கொல்கத்தாவில் அவருக்குக் கற்பித்த அவனீந்திரநாத் தாகூர், வண்ணம் தீட்டிய தாளை மீண்டும் மீண்டும் நீரில் நனைத்து, விளிம்புகளைக் கரைத்து, படம் முழுவதும் மெல்லிய மூட்டம் படரச் செய்யும் ‘வாஷ்’ முறையில் வல்லவர். அம்முறையில் தேர்ந்த நந்தலால், அஜந்தாவின் சுவரோவியங்களைப் படியெடுக்கச் சென்றபோது திடமான கோட்டின் ஆற்றலை உணர்ந்தார்; 1924-இல் ரவீந்திரநாத் தாகூருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று, அங்குள்ள மைத்தூரிகைக் கலையை நேரில் கண்டார். காலப்போக்கில் மூட்டம் விலகித் தெளிந்த கோடும், பசையில் குழைத்த வண்ணப்பொடியால் தீட்டும் டெம்பரா முறையும் அவர் படங்களில் முதலிடம் பெற்றன. குருவின் நடையை விட்டும் குருவின் மீதுள்ள பக்தியை விடாத அவருக்கு, தம் மாணவர்கள் வேறு வழி செல்வதை இழப்பாகக் கருத வேண்டிய தேவை இருக்கவில்லை.

‘மாஸ்டர் மோஷாய்’, அதாவது ‘ஆசிரியர் ஐயா’ என்று மாணவர்கள் அழைத்த அவருடைய கற்பித்தல், வகுப்பறையைவிட வெட்டவெளியிலேயே மிகுதியாக நிகழ்ந்தது. மரம் மண்ணிலிருந்து மேல்நோக்கி வளர்வதால் அதை வரையும் தூரிகையும் அடியிலிருந்து மேலே செல்லவேண்டும் என்பது அவர் பாடங்களுள் ஒன்று. புறவடிவைப் படியெடுப்பதைவிட அவ்வடிவை உண்டாக்கிய உயிரோட்டத்தைக் கைவழியாக உணர்வதே அவர் கற்பித்த வரைகலை. சிறிய அட்டைகளில் அன்றாடக் காட்சிகளை இடைவிடாது வரைந்து அவற்றை மாணவர்களுக்கு அனுப்புவதும் அவர் வழக்கம். பெண்கள் அரிசிமாவுக் கரைசலால் தரையில் இடும் அல்பனா என்னும் வங்காளக் கோலத்திற்கும் அவர் பள்ளியில் இடம் கிடைத்ததால், கைவினை தாழ்ந்தது, ஓவியம் உயர்ந்தது என்ற பிரிவினை அங்கே வேரூன்றவில்லை. 1938-இல் காந்தியின் விருப்பப்படி ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக அவர் தீட்டிய 80-க்கும் மேற்பட்ட படங்களில் தச்சரும் மத்தளக்காரரும் சமைக்கும் பெண்களும் விரைந்த தடித்த கோடுகளில் உயிர்பெற்றதும், மாணவர்கள் அவற்றைப் படியெடுத்துப் பெருக்கியதும், கலை யாருக்குரியது என்பதற்கு அப்பள்ளி செயலால் தந்த விளக்கம்.

இந்த விளக்கத்தின் மிக உயர்ந்த வடிவம், பினோத் பிகாரி 1946–47-இல் சாந்திநிகேதனத்தின் இந்தி பவனத்தில் தீட்டிய இடைக்கால அடியார்களின் சுவரோவியம். ஈரம் உலராத சுண்ணாம்புப் பூச்சின்மீது நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்ட, பூச்சு உலரும்போது சுண்ணாம்பே வண்ணத்தைப் பற்றிக்கொள்ளும் ஈரச்சுவர் முறையில் அது அமைந்தது. பிழை திருத்த இடமளிக்காத இம்முறையில், பிறவியிலேயே பார்வைக் குறையுள்ள ஒருவர், முழு அளவு முன்வரைவைச் சுவரில் பதித்துக்கொள்ளாமலே நீண்ட சுவர்களை நிரப்பினார் என்பது வியப்புக்குரியது. ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் முதலியோர் அங்கே தனித்து நிற்கும் தெய்வ உருவங்களாக அல்லாமல், உழைத்தும் நடந்தும் செல்லும் மக்கள் திரளின் ஊடே ஓர் ஆற்றொழுக்கில் கலந்து வருகின்றனர். மனித உருவங்கள் நெருங்கியும் விலகியும் அமையும் அந்தத் தாளகதியில், வடிவுக்குள் இயங்கும் உயிரோட்டத்தைத் தேடச் சொன்ன ஆசிரியரின் பாடம் சுவர் அளவுக்கு விரிந்திருக்கிறது. பின்னர் முற்றிலும் பார்வை இழந்த நிலையிலும் அவர் காகித வெட்டுகளையும், 1972-இல் கலாபவனத்தில் ஓட்டுச்சில்லுச் சுவர்ச்சித்திரத்தையும் படைத்தார்.

ராம்கிங்கரின் இயல்பு ஆசிரியரின் அடக்கத்திற்கு நேர் எதிரானது. அவர் 1938-இல் சிமெண்டையும் செம்மண்பூமியின் சரளைக்கற்களையும் கலந்து திறந்தவெளியில் எழுப்பிய ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பத்தில், சந்தால் பழங்குடி ஆணும் பெண்ணும் குழந்தையோடும் நாயோடும் உடைமைகளைச் சுமந்து நடக்கிறார்கள். அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் நந்தலாலின் மென்கோட்டுக்குச் சற்றும் இடமில்லை; ஆனால் அண்டை ஊரின் உழைப்பாளர் காவிய நாயகர்க்குரிய அளவில் நிற்கத் தக்கவர் என்ற நம்பிக்கையும், கைக்கருகே கிடைக்கும் பொருளே கலைக்குப் போதும் என்ற துணிவும் அந்தப் பள்ளியில் விளைந்தவை.

1940 முதல் 1942 வரை அங்கே பயின்ற சத்யஜித் ராய் ஓவியராக நிலைக்கவில்லை. எனினும் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) குளத்துப் பூச்சிகளுக்கும் நாணற்பூக்களுக்கும் அவர் தந்த பொறுமையான கவனம், வெட்டவெளியில் பெற்ற பயிற்சியின் தொடர்ச்சியே. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றபின் 1944-இல் கலாபவனம் சேர்ந்த கே. ஜி. சுப்ரமணியன், பரோடாவில் பல்லாண்டு கற்பித்தபோது ஓவியத்தோடு பொம்மையையும் நெசவையும் சுடுமண்ணையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றியதால், நந்தலாலை நேரில் காணாத தலைமுறைக்கும் அந்தப் பார்வை சென்று சேர்ந்தது.

மாணவர் எவ்வாறு வரைகிறார் என்பதைக் காட்டிலும், எதைக் காணத் தக்கதாகக் கருதுகிறார், யாருக்காகப் படைக்கிறார் என்பவற்றிலேயே பேராசிரியர்களின் செல்வாக்கு வாழ்கிறது. நந்தலாலின் பிறந்தநாளையொட்டி ஒவ்வொரு டிசம்பர்த் தொடக்கத்திலும் கலாபவனத்தில் நடைபெறும் நந்தன் மேளாவில், மாணவர்களும் ஆசிரியர்களும் தம் கைவினைப் பொருள்களையும் ஓவியங்களையும் விற்று, அத்தொகையை மாணவர் நலநிதிக்கு அளிக்கின்றனர். கலையும் கைவினையும் சமூகக் கடமையும் ஒன்றே என்று கற்பித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அமைந்திருக்க முடியாது.