ஆணைக்குழுவும் அறமன்றும்

நீதிமன்றம் தண்டனை வழங்கும் இடம் மட்டுமன்று. தண்டனைக்குரியவன் யாவன் என்பதை ஐயந்திரிபற ஆராயும் இடமுமாகும். ஆராய்ச்சி குன்றின் தீர்ப்பும் குன்றும். பொற்கொல்லன் சொல்லையே சான்றாகக் கொண்டு கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கொடியவன் அல்லன், ஆராயாதவன். இவ்வளவுகோல் கொண்டே இலங்கையின் 1972 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டத்தை மதிப்பிடுதல் வேண்டும்.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியைச் சார்ந்த இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தனர். சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டம் அக்கிளர்ச்சியின் முதன்மைக் களங்களுள் ஒன்று. கிளர்ச்சி அடங்கியபின் தடுத்து வைக்கப்பட்ட பல்லாயிரவரை விசாரிக்க வழக்கமான நீதிமுறை போதாது என அரசு கருதிற்று. அதன்வழிப் பிறந்ததே இச்சட்டம்.

ஆணைக்குழுவில் அமர்ந்தோர் உயர் நீதிமன்ற நீதியரசர்களே. ஆகவே குறை ஆட்களிடத்து அன்று, முறையிடத்தே உளது. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்த காப்பு. ஆணைக்குழுவை அக்காப்புக் கட்டுப்படுத்தவில்லை. யூரர் இல்லை, மேன்முறையீடும் இல்லை. வழக்குகள் மிகுந்தமையால் இது வேண்டப்பட்டது என்பர் சிலர். வழக்கு மிகின் மன்றங்களை மிகுவித்தல் தகும். சான்றின் தரத்தைக் குறைத்தல் தகாது. விரைவும் கைகூடிற்றில்லை. தலைவர்கள்மீதான முதன்மை விசாரணை இரண்டாண்டுக்கு மேல் நீண்டு 1974 இலேதான் முடிந்தது. ரோகண விஜேவீரவுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

அதே 1972 மே மாதத்தில் இயற்றப்பெற்ற அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்து, அதனைப் பேணலை அரசின் கடனாக்கிற்று. அச்சமயத்தின் விநய பிடகமோ, குற்றஞ்சாட்டப்பட்ட பிக்குவை முன்னிலையில் நிறுத்தி, வினவி, அவர்தம் ஒப்புதலைச் சங்கத்தின் நடுவே பெற்றே செயற்படுமாறு பணிக்கின்றது. சமயத்தைப் பேண முன்வந்த அரசு, அச்சமயம் போற்றிய விசாரணை முறையைப் பேணத் தவறிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்க வழக்கொன்றுண்டு. கிளர்ச்சிக் காலத்தில் கதிர்காமத்தில் ஓர் இளம்பெண் கொடுமையாகக் கொல்லப்பட்டாள். அதன்பொருட்டு இராணுவத்தினர் இருவர் வழக்கமான முறைப்படி யூரர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்தம் மேன்முறையீடு 1973 இல் கேட்கப்பட்டுத் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் முழுக்காப்பும் படைவீரருக்குக் கிடைத்தது, கிளர்ச்சியாளருக்குக் கிடைத்திலது. விளைவு யாது? முன்னைய தீர்ப்பு நிலைத்தது. பின்னையதோ, 1977 இல் ஆட்சி மாறியதும் சட்டம் நீக்கப்பட, விஜேவீர முதலியோர் விடுதலை பெற்றமையால் பயனற்றுப் போயிற்று. கிளர்ச்சியாளர் குற்றமற்றோர் என்பது ஈண்டு வாதமன்று. குற்றமுடையோரையும் குற்றமுடையோர் என்று உலகம் ஒப்புமாறு நிறுவ அம்முறையால் இயலாது போயிற்று என்பதே வாதம்.

சட்டம் மறைந்தும் அதன் தீமை மறைந்திலது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சரும் அவர்க்கு மேற்பட்டோரும் பெறும் ஒப்புதலை மீண்டும் சான்றாக்கிற்று. தெற்கில் சிங்கள இளைஞரை நோக்கித் திறந்த வாயில், வடக்கில் தமிழ் இளைஞரை நோக்கியும் திறந்தது. பிறர்க்கு மறுக்கப்படும் நீதியைக் கண்டு வாளாவிருப்போர், தமக்கும் அது மறுக்கப்படும் நாளுக்கு வழி சமைக்கின்றனர் என்பதை இவ்வரலாறு தெளிவிக்கின்றது.