பாட்டிலுக்குள் வயதாவதில்லை

நாலு வருஷத்துக்கு முன்பு, ஆன்சைட் முடித்துத் திரும்பிய நண்பன் ஒரு எக்ஸ்.ஓ. கோன்யாக் பாட்டிலைக் கையில் கொடுத்தான். "இப்போ தொறக்காதடா, வச்சிருந்தா இன்னும் நல்லா ஏறும்" என்றான். நானும் நம்பி, வைன் பாட்டிலைப் போல அலமாரியில் படுக்கவைத்தேன். போன மாதம் திறந்தபோது கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்துத்தான் முதல் வாய் குடித்தேன்.

இதில் இரண்டு தவறுகள். கோன்யாக்கை நிற்கவைக்க வேண்டும். 40 சதவீத ஆல்கஹால் தொடர்ந்து பட்டால் கார்க் கெட்டுப்போகும். இது சின்னத் தவறு. வைத்திருந்தால் ஏறும் என்று நம்பியதுதான் பெரிய தவறு. கோன்யாக்குக்கு வயதாவது ஓக் பீப்பாய்க்குள் மட்டுமே. பாட்டிலில் அடைத்ததும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. 10 வருடச் சரக்கை இன்னும் 20 வருடம் பூட்டிவைத்தாலும் அது 10 வருடச் சரக்குதான்.

தென்மேற்குப் பிரான்ஸின் ஷரான்த் பகுதியில், பெரும்பாலும் உன்யி பிளான் என்ற திராட்சையிலிருந்து புளிப்பான, லேசான வைன் எடுக்கிறார்கள். அதைச் செம்புக் கொதிகலத்தில் இரண்டு முறை காய்ச்சினால் ஏறக்குறைய 70 சதவீத ஆல்கஹால் உள்ள, நிறமே இல்லாத திரவம் வருகிறது. அது பீப்பாய்க்குள் போனபின், வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று இதற்கு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆவியில் வளரும் பூஞ்சை கிடங்குகளின் சுவரையும் கூரையையும் கறுப்பாக்குகிறது. தேவதைகள் வந்துபோன தடம் கரியாகத்தான் இருக்கிறது.

சரி, கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? லேபிளை ஒரு பிரதியாகவே வாசிக்க வேண்டும். வி.எஸ். என்றால் குறைந்தது 2 வருடம், வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 10. இந்த எண், கலவையில் உள்ள ஆக இளைய சரக்கின் வயது. நம்ம பாஷையில் சொன்னால் அது ஆவரேஜ் இல்லை, மினிமம். 2018-க்கு முன்பு எக்ஸ்.ஓ.வுக்கு 6 வருடமே போதுமாக இருந்தது. ஆக, அந்த இரண்டு எழுத்துக்கள் தரத்தைச் சொல்வதில்லை, ஒரு விதியை மட்டும் சொல்கின்றன. நிறத்தையும் நம்ப முடியாது. கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. நான் இப்போது ஊரின் பெயரையும் பார்க்கிறேன். கிராந்த் ஷாம்பான் சரக்கு பக்குவப்பட நெடுங்காலம் ஆகும். போர்தெரி சீக்கிரமே இணங்கிவரும். இளம் பாட்டில்தான் கைக்கு எட்டும் என்றால், பின்னதைத் தேடுவது புத்திசாலித்தனம்.

பரிமாறுவதிலும் சினிமா நம்மைக் கெடுத்துவைத்திருக்கிறது. பெரிய பலூன் கிளாஸ், உள்ளங்கைச் சூடு. சூடானால் முதலில் எழுவது ஆல்கஹால் நெடிதான். வாய் குறுகிய துலிப் கிளாஸ், அறை வெப்பம், 25 மில்லி. அவ்வளவு போதும். ஊற்றிவிட்டு ஒரு பத்து நிமிடம் சும்மா விட வேண்டும்.

எனக்கு முதலில் ஆரஞ்சுத் தோல் தெரிந்தது, பிறகு உலர்ந்த அத்தி, கடைசியில் பழைய வால்நட். முதிர்ந்த கோன்யாக்கின் இந்தக் கடைசி மணத்தை 'ரான்சியோ' என்கிறார்கள். அந்தச் சொல்லை முன்பே வாசித்திருந்ததால்தான் எனக்கு அது தெரிந்ததா என்று சந்தேகம் வந்தது. எதுவும் சொல்லாமல் நண்பனிடம் நீட்டினேன். "பாட்டி வீட்டு மர பீரோவத் தொறந்த மாதிரி இருக்குடா" என்றான். நான் வாசித்த எந்தக் குறிப்பையும்விட இதுவே சரியான விமர்சனமாகப் பட்டது. கடன் வாங்கிய சொல் எனக்கு ரசனைபோலத் தெரிந்திருக்கிறது. அவனிடம் இருந்தது அனுபவம்.

கோன்யாக் கிடங்குகளில் 'பாரடி' என்று ஒரு அறை உண்டு. சொர்க்கம் என்று பொருள். மிகப் பழைய சரக்கு அங்கே பீப்பாயில் அல்ல, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் இருக்கும். மரத்தில் மேலும் விட்டால் கசப்பேறிவிடும் என்பதால், ஒருநாள் கிடங்குத் தலைவர் ருசித்துப் பார்த்து 'போதும்' என்று முடிவெடுத்து மாற்றியவை அவை. அவற்றில் பலவற்றைக் காய்ச்சியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

இலக்கியத்தில் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'காலம் முடிவுசெய்யும்.' நானும் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் கருத்துச் சொல்லப் பயந்த இடங்களில். காலம் எதையும் முடிவுசெய்வதில்லை. அது வருடத்துக்கு 2 சதவீதம் எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மிஞ்சியதை ஒருவர் ருசித்து, நல்லது என்றோ கசந்துவிட்டது என்றோ தன் பொறுப்பில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பைத் தள்ளிப்போடத்தான் நாலு வருஷமாக அந்தப் பாட்டிலைப் பூட்டிவைத்திருந்தேன் போல. பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பாதிப் பாட்டில் மீதி இருக்கிறது. இப்போது நிற்கவைத்திருக்கிறேன். திறந்தபின் காற்றுப் பட்டு மணம் மெல்ல இறங்கும், சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை நண்பனை வரச் சொல்லியிருக்கிறேன்.