வருடையைப் பார்த்தவர்கள்

தமிழில் வேட்டை இலக்கியம் என்று தனியாக ஒன்று வளரவில்லை. தி. ஜ. ர. மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’ வெகுநாள் நம்மவர் கையில் இருந்தது. அதைப் படித்துவிட்டு, வேட்டைக் கதை என்றால் புலிக்கதை என்று நாமும் தீர்மானித்துக்கொண்டோம். புலிக்கதையில் ஒரு சௌகரியம் உண்டு. புலி மனிதனைத் தின்கிறது. ஆகவே அதைச் சுடுகிறவன் நியாயஸ்தன் ஆகிவிடுகிறான். வாசகனுக்கும் மனச்சாட்சி உறுத்துவதில்லை. ஆனால், ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் பாறை விளிம்பில் புல் மேய்கிற ஓர் ஆட்டைச் சுடுவதற்காக நாள் கணக்கில் மலை ஏறுகிறவனுடைய புத்தகத்தை எப்படிப் படிப்பது?

சில மாதங்களாக நான் படித்து வருபவை அப்படிப்பட்ட புத்தகங்கள்தாம். டக்ளஸ் ஹாமில்டன் என்ற சென்னைப் பட்டாளத்துத் தளபதி ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் வேட்டையாடி எழுதிய குறிப்புகள் 1892-இல் லண்டனில் நூலாக வந்தன. எப்.டபிள்யூ.எப். பிளெட்சர் என்ற தோட்டக்காரத் துரை நீலகிரி, வயநாட்டு வேட்டையைப் பற்றி எழுதியது 1911-இல் வெளிவந்தது. இரண்டிலும் வரையாடு வருகிறது. நான் இருப்பதோ கும்மிடிப்பூண்டியில். எங்கள் ஊரில் உயரமானவை புகைபோக்கிகள்தாம். இரும்பாலையில் மேஸ்திரியாக இருக்கும் நண்பர் ஒருவர், “ஏன் சார், சிப்காட் சங்கு ஊதுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மலையாட்டு வேட்டையைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

வரையாட்டு வேட்டை மற்ற வேட்டையைப் போன்றதல்ல. பரண் கட்டி உட்கார முடியாது. மேளம் கொட்டி விரட்டவும் முடியாது. மந்தை மேயும்போது ஒரு பெட்டை உயரமான பாறையில் ஏறிக் காவல் நிற்கும். அதன் கண் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்பது அதன் அனுபவம். ஆகவே வேட்டைக்காரன் சுற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். வெயில் ஏறினால் காற்று பள்ளத்திலிருந்து மேலே வீசும். மாலையில் திசை மாறும். காற்றைக் கணக்கிடத் தெரியாதவன் ஆட்டின் வாலைக்கூடப் பார்க்க மாட்டான். இடையில் மூடுபனி இறங்கிவிட்டால் பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு மந்தையில் கிழக் கடாவைத் தேட வேண்டும். வயது முதிர்ந்த கடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறம் படர்ந்திருக்கும். துரைமார் தேடியது அதைத்தான்.

இந்த வேட்டையில் சுடுவது ஒரு நிமிஷம்; பார்ப்பதுதான் மீதி நேரமெல்லாம். இந்த விகிதம் நூல்களின் நடையிலும் இறங்கிவிடுகிறது. நான் கவனித்த விஷயம் இது: இவ்வகைப் புத்தகங்களில் நல்ல உரைநடையெல்லாம் துப்பாக்கி வெடிக்கும் முன்பு இருக்கிறது. காத்திருக்கும் மனிதன் நன்றாக எழுதுகிறான். புல்லின் நிறம், பனி விலகும் விதம், குட்டி தாயை இடித்துக்கொண்டு நிற்கும் பாங்கு எல்லாம் வாக்கியத்துக்குள் வருகின்றன. சுட்டு முடித்ததும் அதே மனிதன் குமாஸ்தா ஆகிவிடுகிறான். இத்தனை கஜம், இத்தனை அங்குலம் என்று கணக்கு. வரையாட்டின் கொம்பு 16, 17 அங்குலம் இருந்தாலே பெரிது. அந்த அங்குலத்துக்காகவா இவ்வளவு ஏற்றமும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும், எழுதத்தான் மனமில்லை. ஹாமில்டன் தம் நூலுக்குத் தாமே சித்திரமும் தீட்டியவர். சித்திரம் தீட்டுகிறவன் சுடுவதற்காக மட்டும் பார்த்திருக்க முடியாது.

அமெரிக்காவின் வறண்ட மேட்டு நிலங்களில் பெருங்கொம்பு ஆட்டை வேட்டையாடி எழுதிய ஜாக் ஓ’கானர் விஷயமும் இதுதான். அரிசோனாவில் ஆசிரியராக இருந்தவர். முதலில் இரண்டு நாவல்கள் எழுதினார். நாவலாசிரியராக அவரை இன்று நினைப்பவர் குறைவு. ஆட்டு வேட்டையைப் பற்றி எழுதியவராகத்தான் நிலைத்திருக்கிறார். மலைச்சரிவில் உட்கார்ந்து நாளெல்லாம் கண்ணாடியால் துழாவுகிற பொறுமையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாவலா, ஆடா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தப் புகழ்ச்சியோடு குறையையும் சொல்ல வேண்டும். மலையில் முதலில் ஆட்டைக் கண்டது யார்? பெரும்பாலும் துரை அல்ல; முன்னால் நடந்த மலைவாசி. துரையின் கண்ணாடிக்கு எட்டாதது அவனுடைய வெறுங்கண்ணுக்கு எட்டியது. இவ்வகை நூல்கள் பலவற்றில் அவன் விரல் நீட்டிச் சுட்டிக் காட்டுவதோடு சரி. அவன் என்ன நினைத்தான், அந்த ஆட்டை என்ன பெயர் சொல்லி அழைத்தான் என்பதெல்லாம் இல்லை. இது தூரத்து மலைக்கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் இருளர்கள் வளை வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்து, உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர் இருவர், வடிவேல் கோபால், மாசி சடையன், பத்மஸ்ரீ பெற்றார்கள். அரசாங்கம் பார்த்துவிட்டது. நம் கதைகளில் எத்தனை கதை அந்தக் கண்ணால் ஓர் ஏரிக்கரையைப் பார்த்திருக்கிறது? துரைமாரைக் குறை சொல்லுமுன் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். துரைமார் இந்த ஆட்டை ‘ஐபெக்ஸ்’ என்றார்கள். அது வேறு ஓர் ஆட்டின் பெயர். நம்மிடம் சொந்தமாகவே ஒரு பெயர் இருந்தது: வருடை. நற்றிணையிலும் ஐங்குறுநூற்றிலும் அது உலவுகிறது. எல்லாவற்றிலும் விசேஷம் பட்டினப்பாலைதான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்க முத்திரை இட்ட மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் ஏறி நாய்களும் ஆட்டுக் கடாக்களும் துள்ளுகின்றன. மலைச்சாரலில் வருடை தாவுவதுபோல் இருக்கிறது என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கடற்கரையில், சரக்குக் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் மலையை நினைத்திருக்கிறார்! என் நண்பருக்குப் பதில் இதுதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசையாய் நிற்கும் சாலையில் ஒருவனுக்கு வருடை ஞாபகம் வரலாம். அதற்குத் தமிழில் முன்மாதிரி இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. வரையாடு வெள்ளாட்டு இனத்தைச் சேர்ந்தது என்றுதான் விலங்கியல் நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2005-இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள் அது செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று கண்டார்கள். செம்மறிக் கடாவுக்கு உவமையாக வருடையை நிறுத்திய கவி விஞ்ஞானி என்று நான் கொண்டாட வரவில்லை. அவர் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு எவ்வளவு பெரிது என்பது பின்னால் தெரிகிறது. வருடை என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டிப் பாருங்கள். மலையாடு என்ற பொருளோடு, எட்டுக்கால் சரபம் என்ற பொருளும் இருக்கும். பார்த்தவர் காலத்தில் நாலு காலோடு தாவிய ஆட்டுக்கு, பார்க்காதவர் காலத்தில் எட்டுக் கால் முளைத்துவிட்டது! பார்வை நின்ற இடத்தில் கற்பனை வளரவில்லை. வெறும் கால்கள் வளர்ந்தன.

வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. 1972-இன் வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வைக்க வேண்டியதுதான். ஆனால் பார்வை தொடர்ந்தது. ஜார்ஜ் ஷாலர் 1969-இல் வந்து வரையாட்டை ஆராய்ந்தார். இ. ஆர். சி. டேவிதார் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகத் தொடங்கியவர். 1975-இல் குறிப்புப் புத்தகத்தோடு மலை மலையாக ஏறி ஆடுகளை எண்ணினார். சுமார் 2,200 என்று கணக்குச் சொன்னார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக்கியிருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள். வேட்டைக்காரன் கற்ற பொறுமைதான் எண்ணுகிறவனுக்கும் வேண்டியிருந்தது.

டேவிதாரும் எழுதியது ஆங்கிலத்தில்தான். தமிழ் உரைநடை ஒரு விலங்கைக் கண்ணெடுக்காமல் பார்க்க முடியாததல்ல. ‘வாடிவாச’லில் காரி என்ற காளையைச் செல்லப்பா பார்த்திருக்கிறார். ஆனால் மலைக்குப் போகும் நம் நாவல்கள் விருந்தினர் விடுதித் தாழ்வாரத்தோடு நின்றுவிடுகின்றன. பனி, யூக்கலிப்டஸ் வாசனை, காதல். அந்த யூக்கலிப்டஸும் சீகையும் நட்டுத்தான் வரையாட்டின் புல்வெளி குறைந்தது என்பது கதாநாயகிக்குத் தெரிய வேண்டாம், ஆசிரியருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஹாமில்டனையும் பிளெட்சரையும் யாராவது தமிழாக்க வேண்டும். எதையும் வெட்டாமல், வெட்கப்பட வேண்டிய பக்கங்களையும் சேர்த்து. வாசகர்கள் துப்பாக்கி வெடிக்கும் வரி வரைக்கும் நிதானமாகப் படிக்கட்டும். அதற்கப்புறம் உள்ளதை வேகமாகப் புரட்டிவிடலாம்.