முடியுமா, மனம் வருமா?
பனியனின் பயணியும் கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகனும்

முன்னுரை

கடவுளை நம்புகிறவர்களில் பெரும்பாலோர் அவருடைய ஆற்றலைச் சந்தேகிப்பதில்லை. “அவராலே ஆகாதது ஒன்றுமில்லை” என்று வாய் நிறையச் சொல்வார்கள். ஆனால் சொந்தத் துன்பம் என்று வரும்போது, அதுவும் தம் தவற்றால் வந்த துன்பம் என்றால், கேள்வி மாறிவிடுகிறது: “அவரால் முடியும், ஆனா எனக்குச் செய்வாரா? நான் பண்ணினதுக்கு எந்த முகத்தோட போய்க் கேட்கிறது?”

மாற்கு எழுதிய நற்செய்தியில் இந்த இரண்டு கேள்விகளுமே இருக்கின்றன. நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், இயேசுவால் முடியுமா என்று ஐயுற்றான். முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளியோ முடியும் என்பதில் உறுதியாயிருந்தான்; மனம் உண்டா என்பதுதான் அவன் அறியாதது. கிறிஸ்தவ இலக்கியத்தில் இந்த இரண்டாவது கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர் ஜான் பனியன். அதே கேள்விக்குத் தமிழில் வேறொரு வழியில் விடை தேடியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நூல்கள்

பனியன் (1628–1688) பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஓட்டை அடைக்கும் தொழில் செய்த எளிய மனிதர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தவர். சிறையிலிருந்தபோது 1666இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு, ‘என் பாவம் மன்னிக்க முடியாத பாவமோ’ என்ற அச்சத்தோடு அவர் நடத்திய நீண்ட போராட்டத்தைச் சொல்கிறது. அந்த அனுபவத்தின் சாறுதான் 1678இல் வந்த ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’. சாமுவேல் பவுலின் மொழிபெயர்ப்பில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பழகிப்போன நூல் இது.

கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, தமிழாசிரியராக இருந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ‘நற்போதகம்’ இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பட்டம் இதனால் வந்ததே.

சேற்றுக்குள் படிகள்

முதுகில் பாவச்சுமையோடு புறப்படும் கிறிஸ்தியான் முதலில் விழுவது மனச்சோர்வு என்னும் உளையில். சேற்றில் தத்தளிப்பவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவரின் பெயரே ‘உதவி’. அவர் கேட்கும் கேள்வி: படிகளைப் பார்க்கவில்லையா? அந்த உளையின் நடுவே அரசரே உறுதியான படிகளைப் போட்டுவைத்திருக்கிறார். ஓரக்குறிப்பில் பனியன் அவற்றை மன்னிப்பின் வாக்குறுதிகள் என்று விளக்குகிறார். பயணி விழுந்தது படி இல்லாததால் அல்ல; பயத்தில் கண் மங்கியதால்.

ஆனால் பனியன் இங்கே ‘நம்பு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று முதுகைத் தட்டிவிட்டுப் போகவில்லை. படி இருந்தும் கால் தவறும், தவறியவனுக்கு ஒரு கை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பட்டவர் எழுதியதல்லவா!

சந்தேகக் கோட்டை

நூலின் மிக நுட்பமான இடம் சந்தேகக் கோட்டை. கிறிஸ்தியானும் நம்பிக்கை என்ற பெயருடைய தோழனும் கரடுமுரடான பாதையை விட்டு, பக்கத்துப் புல்வெளி வழியே இறங்குகிறார்கள். யோசனை சொன்னவன் கிறிஸ்தியான். இரவும் மழையும் வெள்ளமும் சூழ்கின்றன. அவநம்பிக்கை என்னும் அரக்கன் இருவரையும் பிடித்துப் புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறையில் அடைத்து, அடித்து, உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்றும் உபதேசம் செய்கிறான். கிறிஸ்தியான் அதற்குச் சம்மதிக்கும் நிலைக்கே வந்துவிடுகிறான். தோழன்தான் தடுக்கிறான். சனி நள்ளிரவில் தொடங்கிய ஜெபம் விடியலை நெருங்கும்போது, வாக்குறுதி என்னும் சாவி தன் மார்புக்குள்ளேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. கதவுகள் திறக்கின்றன.

இந்தச் சாவியைப் பற்றிப் பேசாத பிரசங்கம் இல்லை. ஆனால் அதற்கு முன் வரும் ஒரு சிறு உரையாடலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வழி தப்பியது தெரிந்தவுடன் கிறிஸ்தியான் தோழனிடம் மன்னிப்புக் கேட்கிறான். தோழன் உடனே மன்னித்துவிடுகிறான்; இதுவும் நன்மைக்கே என்று ஆறுதலும் சொல்கிறான். கிறிஸ்தியானும் அதைச் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொள்கிறான். ஒரு சகபயணியின் மன்னிப்பை ஒரு நொடியில் நம்பியவனுக்கு, கடவுளின் மன்னிப்பை நம்ப நான்கு நாள் ஆகிறது! மனிதனைவிடக் கடவுள் மனம் குறுகியவர் என்று தன்னை அறியாமலே அவன் எண்ணியிருக்கிறான். சந்தேகக் கோட்டையின் அஸ்திவாரம் இந்த எண்ணமே என்று எனக்குத் தோன்றுகிறது. பனியன் இதை விளக்கிச் சொல்லவில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார்.

அஞ்சி அஞ்சி நடந்தவர்

1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அச்சமே பெயராகக் கொண்ட ஒரு பயணி வருகிறார். மலையேற்றம் அவருக்குப் பயமில்லை, சிங்கங்கள் பயமில்லை. கடைசியில் தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற ஒன்றே அவர் பயம். உளையின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தவர், வாசலில் நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டவர். நம் வீட்டுப் பெரியவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. “முதல்ல நீங்க போங்க” என்று ஒதுங்கியே வாழ்ந்து முடிப்பவர்கள். ஆனால் மரண ஆற்றை அவர் கடக்கும் நாளில் என்றுமில்லாதபடி தண்ணீர் வற்றியிருக்கிறது. பாதம் நனைந்ததற்குமேல் அதிகமில்லை. அவர் பயத்தைக் கண்டிக்க ஒரு சொல்லும் இல்லை. ஆற்றையே தாழ்த்திவிடுகிறார் ஆசிரியர்.

அப்படியானால், எப்படி வாழ்ந்தாலும் மன்னிப்பு நிச்சயம் என்று இருந்துவிடலாமா? அதற்கும் முதல் பாகத்தின் இறுதியிலேயே விடை உண்டு. தன் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிக் குறுக்குவழியில் வந்த அறியாமை என்பவன், ஆற்றைச் சுலபமாகக் கடந்தும் நகரவாசலில் திருப்பப்படுகிறான். அவன் நம்பியது கடவுளின் மனத்தை அல்ல, தன்னைத்தான்.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றம்

பனியனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கம். சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. பயணி கண்ணீர் விடுகிறான். ஒளியுருவினர் மூவர் மன்னிப்பை அறிவித்துப் புத்தாடை தருகிறார்கள். சிலுவைப்பாட்டின் வரலாறு சொல்லப்படுவதில்லை. அவருடைய வாசகர்களுக்கு அது தெரிந்த கதை.

கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து அந்த வரலாற்றையே விரிவாகப் பாடுகிறார். கதை தெரியாத தமிழருக்குச் சொல்லவேண்டிய தேவை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணமும் உண்டு என்பது என் கருத்து. அவர் பிறந்த மரபில், இறைவன் தானே வந்து காப்பானா, நாமும் பற்றிக்கொள்ள வேண்டுமா என்பதைப் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகளால் தலைமுறை தலைமுறையாக வாதிட்டிருக்கிறார்கள். இறைவனின் மனம் எத்தகையது என்று காட்டாமல் ‘நம்பு’ என்று மட்டும் சொன்னால் அந்த மண்ணில் போதாது.

பிணிக்கப்பட்டு நிற்கும் இயேசுவை அவர் காட்டும் இடம் இதற்குச் சான்று. அவரை நிறுத்தியது கயிறு என்று எண்ணாதீர்கள், பகைத்த மக்களை நினைந்து உருகும் அன்பின் கட்டே அது என்கிறார் கவிஞர். ‘பாசம்’ என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் அன்பு என்றும் பொருள் தெரிந்த செவிக்கு இந்த இடம் தனிச்சுவை. கட்டை அறுக்க வல்லவர் அறுக்காமல் நிற்கிறார். ஆற்றல் மறைந்து, மனம் மட்டும் வெளிப்படும் காட்சி! “முடியும், ஆனா மனசு வருமா?” என்று கேட்டவனுக்கு இதைவிட நேரான பதில் ஏது? பனியன் சாவியைக் கையில் தருகிறார். கிருஷ்ணபிள்ளை அந்தச் சாவி எந்த உலையில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகிறார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பனியன் எழுதியது சந்தையிலும் பட்டறையிலும் பேசிய மொழி. கிருஷ்ணபிள்ளையின் மொழியோ கம்பனின் நடையில் தோய்ந்த, வடசொல் மிகுந்த விருத்தம். கற்றோர் தலையசைத்தார்கள், உளையில் கிடப்பவன் உரையாசிரியரைத் தேடவேண்டியதாயிற்று. உதவ மனமுள்ள கடவுளைப் பாடிய நூல், எளியவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்துவிட்டது வருத்தமே.

முடிவுரை

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பனியனை ஆங்கிலத்தில் படிக்க வாய்ப்புண்டு. கிருஷ்ணபிள்ளையை நாம்தான் அறிமுகப்படுத்த வேண்டும். இரட்சணிய சரிதப் படலத்திலிருந்து பத்துப் பாடல்களையாவது ஒரு மாலையில் உரத்துப் படித்துப் பொருள் சொல்லுங்கள். எந்தச் சமயத்து வீடானாலும் சரி, தவறு செய்துவிட்டு வாய் திறக்கப் பயந்து நிற்கும் பிள்ளை எங்கும் உண்டு. கேட்டவுடன் மன்னித்த அந்தத் தோழனைப்போல் பெற்றவர் நடந்துகொண்டால், மன்னிக்க மனமுள்ள கடவுளைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்தவேண்டியிராது.