மூங்கிலுக்குள் ஒரு மூங்கில்

நெடுந்தூர இலக்கைச் சுடத் துப்பாக்கி தேடுபவர்கள் மூன்று கேள்விகளில் வந்து நிற்பார்கள். குழல் நேரானதா? தோட்டா அந்தக் குழலுக்குப் பொருந்துகிறதா? கண் எதைக் கொண்டு இலக்கைப் பிடிக்கப்போகிறது? பேராக் மாநிலத்துக் கோப்பெங்கிற்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் வாழும் செமாய் மக்கள் இதே கேள்விகளை இரும்பும் வெடிமருந்தும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைதான் மலாயில் சும்பித்தான் என்னும் ஊதுகுழல். அதன் அருமை ஊதுகிற மூச்சில் இருப்பதைவிடத் தேர்ந்தெடுக்கிற கையில் இருக்கிறது என்பது என் துணிபு.

கோப்பெங் என்றால் நம்மவர்களுக்கு ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குப் பின்னால் எழும் தித்திவங்சா மலைத்தொடரோ செமாய் மக்களின் வீடு. தீபகற்ப மலேசியாவில் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி இனங்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே. ரப்லீசியா மலருக்குப் பெயர்பெற்ற உலு கெரோ இவர்களுடைய கிராமம். ஊதுகுழல் தமிழ் மண்ணுக்கும் அந்நியமில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல்களையும் வளரிகளையும் பற்றி 1924இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கருவி தன் முழு நேர்த்தியை எட்டியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் பேராக் மலைகளுக்குத்தான் வரவேண்டும்.

முதலில் குழல். போர்னியோவில் கடினமான மரத்தை எடுத்து, நீண்ட இரும்புக் கம்பியால் துளைத்துச் செய்கிறார்கள். இங்கே துளைப்பதில்லை, துளையோடு பிறந்ததைத் தேடிப் போகிறார்கள். சாதாரண மூங்கிலில் முழத்துக்கொரு கணு குறுக்கே வரும். மலைமுகடுகளில் வளரும் ஒரு மூங்கிலில் மட்டும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதி இரண்டு மீட்டரை ஒட்டி நீளும். தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரான லெனார்ட் ரே என்பவரின் பெயரைத் தாவரவியலாளர்கள் அந்த மூங்கிலுக்குச் சூட்டினார்கள். அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதைத் தேடி நாள்கணக்கில் மலையேறிப் போனவர்கள் உண்டு. கிடைக்காதபோது இரண்டு துண்டுகளை முனையோடு முனை பொருத்தி, மேலே ஓர் உறை மாட்டி ஒட்டியவர்களும் உண்டு. ஒரே கணுவிடையில் அமைந்த குழல்தான் உயர்ந்தது. அதன் உட்சுவரில் கருவி பட்ட தடமே இருக்காது.

வெட்டிய மூங்கிலை உலர்த்தி, நெருப்பில் வாட்டி, வளைவு கண்ட இடத்தில் மெல்ல அழுத்தி நேராக்குகிறார்கள். பிறகு அதைச் சற்றே பெரிய இன்னொரு மூங்கிலுக்குள் செருகுகிறார்கள். உள்குழலின் வேலை அம்பைச் செலுத்துவது. வெளிக்குழலின் வேலை அதைத் தொய்யாமலும் அடிபடாமலும் காப்பது. கோடுகளும் பூவேலையும் வெளிக்குழலுக்கு மட்டுமே. இந்த வேலைப்பிரிவினையைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். இன்றைய போட்டித் துப்பாக்கியிலும் குழல் எதிலும் உரசாமல் தனித்து நிற்கும். சுமப்பதும் தாங்குவதும் கட்டையின் பொறுப்பு. இரண்டு மரபுகள் வெவ்வேறு வழிகளில் ஒரே தெளிவுக்கு வந்திருக்கின்றன.

இத்தனை கவனம் எதற்கு? கணக்குப் போட்டால் விளங்கும். .308 ரகத் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் சுமார் 4,000 வளிமண்டல அளவு அழுத்தம் எழுகிறது. மனிதன் முழுப் பலத்தோடு ஊதினாலும் ஒரு வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையில் அது அம்பைத் தள்ளும் விசை, ஏறக்குறைய 80 கிராம் எடை அழுத்துவதற்குச் சமம். காற்றின் அளவுக்குக் குறைவில்லை. இரண்டு மீட்டர்க் குழலை நிரப்ப 160 மில்லிலிட்டர் போதும். நெஞ்சில் லிட்டர் கணக்கில் இருக்கிறது. குறைவு விசையில்தான். ஆகவே ஒரு சிறு உராய்வையும் ஒரு சிறு கசிவையும் இந்தக் கருவியால் தாங்கமுடியாது. துப்பாக்கியில் வெடிமருந்து மன்னித்துவிடும் பிழையை மூச்சு மன்னிக்காது.

அடுத்தது அம்பு. பனையினத் தாவரத்தின் மட்டையைச் சீவி எடுத்த, ஒரு சாண் அல்லது சற்றே கூடிய மெல்லிய குச்சி. எடை ஓரிரு கிராம். அடியில், துளைக்குப் பொருந்துமாறு லேசான நெட்டியில் செதுக்கிய ஒரு கூம்பு. அதற்குப் பின்னால் பனைப் பஞ்சு கொஞ்சம் வைத்து ஊதினால், காற்று பக்கவாட்டில் நழுவாது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகுவரிகள் உண்டு. அவை தோட்டாவை வினாடிக்கு 2,500 தடவைக்கு மேல்கூடச் சுழற்றி நிலைநிறுத்துகின்றன. இந்த அம்பு சுழன்றாக வேண்டியதில்லை. எடை முன்னால், காற்றின் பிடிப்பு பின்னால் என்ற அமைப்பே அதன் மூக்கைத் திசைமாறாமல் காக்கிறது.

முனையில் பூசும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். நம் பெரியவர்கள் பால்மரத்தில் கோடு போட்டுப் பால் இறக்கியதுபோலவே இந்த மரத்தின் பட்டையையும் கீறி வடிக்கிறார்கள். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் இதுதான். நகரின் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒன்று நிற்கிறது. இதயத்தை நிறுத்தும் நஞ்சு கைவசம் இருப்பதால், அம்பு ஆழமாகப் பாயவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரியாகப் பட்டால் போதும். பலத்தின் இடத்தைத் துல்லியம் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது கேள்வி கண்ணைப் பற்றியது. இங்கே தொலைநோக்கி கிடையாது. அதைக் குறையாக நான் எண்ணவில்லை. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1,000 கெஜம் வரை சென்று முடியும் புகழ்பெற்ற மன்னர் பரிசுப் போட்டியிலும் வீரர்கள் தொலைநோக்கி இல்லாமல், சிறு துளை வழியே பார்த்துத்தான் சுடுகிறார்கள். செமாய் வேட்டைக்காரர் இரண்டு கைகளையும் வாயை ஒட்டியே வைத்துக் குழலைப் பிடிக்கிறார். முன்பாதிக்குத் தாங்கல் கிடையாது. இரு கண்ணும் திறந்திருக்கும். பார்வை இலக்கில் பதியும்போது குழல் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவே இலக்கை வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மரக்கிளையில் இருக்கும் அணிலின் தூரத்தை அளந்து சொல்ல எந்தக் கண்ணாடியும் இல்லை. வேட்டைக்காரர் அதைக் காட்டிலேயே கற்றிருக்கிறார்.

வாங்க விரும்புவோருக்கு என் பரிந்துரை இது. வெளியிலுள்ள பூவேலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் குழலை வானத்தை நோக்கித் தூக்கி உள்ளே பாருங்கள். சுவரில் ஒளி வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று நடுப்பிசகாமல் தெரிந்தால் குழல் நேரானது; பிறைபோல் ஒருபக்கம் ஒதுங்கினால் அங்கே வளைவு இருக்கிறது. துப்பாக்கிக் குழலை நிமிர்த்தும் பழைய கைவினைஞர்களும் துளைக்குள் விழும் நிழலைப் பார்த்தே வளைவைக் கண்டுபிடித்தார்கள். உள்குழல் ஒரே துண்டா, இரண்டா என்று கேளுங்கள். வாய்ப்பக்கத்தைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். முன்முனை தொங்கினால் வேண்டாம். பிறகு அம்புகளை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். கோணல் உடனே காட்டிக்கொடுக்கும். குழலைச் சாய்த்தால் கூம்பு சிக்காமல், ஒரே வேகத்தில் வழுக்கி இறங்கவேண்டும். ஒரு குழலுக்கு ஏற்ற கூம்பு இன்னொரு குழலுக்கு ஏற்காது. .22 போட்டி வீரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு எந்தத் தொகுதித் தோட்டா இசைகிறது என்று சோதித்து வாங்குவதும் இதற்காகத்தான்.

சாலையோரக் கடைகளில் அலங்காரத்துக்காக விற்கும் குழல்களில் பல இந்தச் சோதனையில் தேறா. வெளியே வண்ணம் பளிச்சென்றிருக்கும். உள்ளே கிடைத்த மூங்கில் இருக்கும். அவற்றைச் செய்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நீண்ட கணுவிடையுள்ள மூங்கிலுக்கு உயர்ந்த மலைக்காடு வேண்டும். அம்புக்குப் பனையினங்கள் வேண்டும். நஞ்சுக்கு ஈப்போ மரம் வேண்டும். இவை ஒரே காட்டின் பிள்ளைகள். அந்தக் காட்டின் தாழ்நிலப் பகுதி ஈயத்துக்கும் பால்மரத்துக்கும் அழிந்தபோது, அந்த நிலத்தில் உழைத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். எனவே எஞ்சியிருக்கும் காட்டைப் பற்றிப் பேச நமக்கும் கடமை உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட சில விலங்குகளை உணவுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களை அனுமதிக்கிறது. காடே போனபின் அந்த அனுமதியால் என்ன பயன்?

நல்ல ஊதுகுழலுக்குக் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வெளியே தெரியாத அந்த உள்குழலுக்காகத்தான் மலையேறினார்கள், விலையும் அதற்குத்தான்.