சண்டியனை ஏன் இரசிக்கிறார்கள்?

கலைப்படைப்பொன்றை ஆராயப் புகும் நம்மவர், அதனைப் படைத்தவன் யார், அவன் எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறான், என்ன சொல்ல முனைந்தான் என்றெல்லாம் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயின் அதனைப் பார்த்தவன் எதைத் தன்னோடு எடுத்துச் சென்றான் என்று கேட்போர் மிகச் சிலரே. பார்த்தவனை ஏமாளி என்று இரங்கிவிடுவது எளிது. இரசனை கெட்டவன் என்று ஏசிவிடுவது அதனிலும் எளிது. இவ்விரண்டும் விமர்சனமாகா. இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஒரு சண்டியனை விரும்புகிறார்கள் என்றால், அவ்விருப்பத்துக்குச் சமுதாயத்தில் வேர் இருக்கவேண்டும். அவ்வேரையே நாம் தேடவேண்டியுளது.

'பீக்கி பிளைண்டர்ஸ்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகம் 2013 தொடக்கம் 2022 வரை ஆறு தொடர்களாக, 36 அங்கங்களில் பி.பி.சி.யில் ஒளிபரப்பாயிற்று. பேர்மிங்ஹாம் நகரின் ஸ்மோல் ஹீத் என்னும் தொழிலாளர் பகுதியில், முதலாம் உலக யுத்தத்திலிருந்து மீண்டுவந்த டொமி ஷெல்பி என்பவன், சட்டவிரோதக் குதிரைப் பந்தயத் தொழிலில் தொடங்கி, ஆலை முதலாளியாகி, பாராளுமன்ற உறுப்பினனாகவும் உயர்வதே கதை. 1919 முதல் 1934 வரையான காலம் அதன் களம். டொமியாக நடித்தவர் கிலியன் மேர்பி. நாடகத்தை உருவாக்கியவர் ஸ்டீவன் நைட். அவரும் பேர்மிங்ஹாமில் வளர்ந்தவரே.

நாடகத்தைப் பார்த்தோர் பார்த்ததோடு நிற்கவில்லை. டொமியின் தட்டைத் தொப்பியை அணிந்தனர். காதோரம் மழித்த அவன் தலைமுடியை வெட்டிக்கொண்டனர். அவன் குடும்பத்தின் பெயரால் மதுச்சாலைகள் எழுந்தன. 2019 செப்ரெம்பரில் பேர்மிங்ஹாமின் டிக்பெத் பகுதியில் இந்நாடகத்துக்கென ஒரு விழாவே எடுக்கப்பட்டது. ஆதர், ஏடா என்னும் பழைய பெயர்கள் மீண்டும் குழந்தைகளுக்குச் சூட்டப்படுவதற்கு இந்நாடகமும் ஒரு காரணமாகலாம் என்று பிரித்தானியப் புள்ளிவிபரப் பணியகமே அதே ஆண்டில் கருத்துத் தெரிவித்தது. இவை தீங்கற்ற விளையாட்டுக்கள். வேறொன்று அவ்வாறன்று. சிகரெட் புகைக்கிடையே டொமி நடந்துவரும் படத்தின் கீழ், அவன் நாடகத்தில் எங்கும் பேசாத வாசகங்கள் எழுதப்பட்டு உலகெங்கும் கைத்தொலைபேசிகளில் உலாவுகின்றன. எவரையும் நம்பாதே, தனித்து நில், இரக்கம் காட்டாதே என்பதே அவற்றின் சாரம். எமது மாணவர் சிலரின் கைகளிலும் அப்படங்களைக் கண்டிருக்கிறோம். அவர்களுள் நாடகத்தை முழுமையாகப் பார்த்தவர் எத்தனைபேர் என்பது வேறு விடயம்.

இதற்கு எதிராகக் கற்றோர் கூறும் முதல் மறுமொழி, இது மெய்யான வரலாறு அன்று என்பது. அது சரியே. பேர்மிங்ஹாம் வரலாற்றாசிரியர் கார்ல் சின் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். உண்மையான பீக்கி பிளைண்டர்கள் 1890களில் திரிந்த காடையர். யுத்தம் தொடங்குமுன்பே அவர்கள் காலம் முடிந்துவிட்டது. 1920களில் பந்தயத் திடல்களை ஆண்டவர்கள் பில்லி கிம்பர் என்பவனின் கூட்டத்தினர். நாடகத்தில் 1919இலேயே சுட்டுக் கொல்லப்படும் அந்தக் கிம்பர் உண்மையில் 1945 வரை வாழ்ந்து இயல்பாகவே இறந்தான். தொப்பியின் முன்விளிம்பில் சவர அலகுகளைத் தைத்துவைத்து எதிரியின் கண்ணைக் கீறினர் என்பதும் பெரும்பாலும் கட்டுக்கதையே. அக்காலத்தில் அத்தகைய அலகு ஏழை இளைஞனுக்கு எட்டாத பொருள். பாட்டுக்கள் இக்காலத்தவை என்று முணுமுணுத்தோரும் உளர். அதனை நாம் பெரிதுபடுத்தவில்லை.

தவறிய ஆண்டுகளையும் இல்லாத அலகுகளையும் கலைஞனுக்கு மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: அடிபட்டவன் யார்? 1890இல் ஜோர்ஜ் ஈஸ்ற்வூட் என்னும் இளைஞர் அடர்லி வீதியிலுள்ள ரெயின்போ மதுக்கடையில் இஞ்சிப்பானம் அருந்திக்கொண்டிருந்தார். மதுவருந்தாத அம்மனிதரைக் கும்பலொன்று தெருவில் துரத்தி மண்டை உடையுமாறு அடித்தது. பீக்கி பிளைண்டர் என்ற பெயர் பத்திரிகையில் இடம்பெற்றது அப்போதுதான். 1897இல் ஜோர்ஜ் ஸ்னைப் என்னும் பொலிஸ்காரர் செங்கல் வீச்சுக்கு இரையானார். அக்கும்பல்களைச் சேர்ந்தவர்களெனக் காட்டப்படும் இளைஞரின் பொலிஸ் நிழற்படங்கள் இன்றும் உள்ளன. அவர்களுள் ஒருவனாகிய பத்தொன்பது வயதுடைய ஹரி பவுல்ஸ் 1904இல் பிடிபட்டது துவிச்சக்கர வண்டி திருடியதற்காக. ஏழை ஏழையை அடித்தான். ஏழை ஏழையின் வண்டியைத் திருடினான். காற்றும் வெளிச்சமும் புகாது முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளில், பொது முற்றத்து ஒரே குழாயில் நீர் பிடித்து வாழ்ந்த மக்களின் வேதனை, அதனை விளைத்தவர்மீது பாயாமல் அடுத்த வீட்டுக்காரன்மீது பாய்ந்த கதை இது. இக்கதையை நாடகம் சொல்லவில்லை. அதன் சண்டியன் பெரும்பாலும் தன்னிலும் பெரிய சண்டியனோடும் அரசாங்கத்தோடுமே மோதுகிறான்.

ஏன் இவ்வாறாயிற்று? நைட் கூறிய ஒரு செய்தி இதற்கு விளக்கம் தருகிறது. அவருடைய தந்தை சிறுவனாக இருந்தபோது, ஒரு செய்தியைச் சேர்ப்பிக்கவென வெறுங்காலுடன் ஓடித் தம் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டினாராம். உள்ளே நேர்த்தியாக உடுத்த மனிதர்கள். மேசை நிறையக் காசு. அவர்கள் குடித்துக்கொண்டிருந்ததோ ஜாம் போத்தல்களில். உடைக்குச் செலவிடுவார்கள், குவளைக்குச் செலவிடமாட்டார்கள். எத்துணை அற்புதமான சித்திரம்! நாடகத்தின் சிறப்பும் குறையும் இச்சித்திரத்திலேயே அடங்கியுள்ளன. வெறுங்காலுடன் நிற்கும் சிறுவனின் உயரத்திலிருந்து சண்டியனை அண்ணாந்து பார்க்கிறது இந்நாடகம். முப்பத்தாறு அங்கங்கள் கழிந்தபின்னும் அச்சிறுவன் வளரவில்லை.

ஆனால் அச்சிறுவனின் வியப்பை நாம் இகழ்ந்துவிடலாகாது. பார்வையாளரின் விருப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் வரலாற்று நாடகங்கள் நெடுங்காலமாக மாளிகைகளின் கதைகளையே சொல்லிவந்தன. அவற்றில் தொழிலாளி வந்தால், தட்டு ஏந்தி வருவான். அல்லது அழுக்கோடு வந்து அனுதாபம் பெற்றுச் செல்வான். இங்கோ கரி படிந்த தெருவில் பிறந்தவன் தலைநிமிர்ந்து நடக்கிறான். பிரபுக்களின் வரவேற்பறையில் அமர்ந்து அனுமதி கேளாமல் புகைக்கிறான். நகைப்புக்கு உரியதென்று நாடெங்கும் ஒதுக்கப்பட்ட பேர்மிங்ஹாம் பேச்சு அதிகாரத்தின் மொழியாக ஒலிக்கிறது. நடிகர் அப்பேச்சைச் செவ்வனே பேசவில்லை என்று அவ்வூர் மக்கள் குறைகூறினர். அக்குறையிலும் ஓர் உரிமைக்குரல் இருந்தது. மக்கள் மொழியை இழிசனர் வழக்கென்று பழித்தோரோடு அறுபதுகளில் எமது எழுத்தாளர் நடத்திய வாதத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆகவே பார்வையாளன் இரசித்தது கொலையை என்று கூறுவது அவனுக்குச் செய்யும் அநீதி. பணியாத தொழிலாளியை அவன் காண விரும்பினான். அவனுக்குக் காட்டப்பட்டவன் பணியாத சண்டியன்.

நாடகத்தின் உயர்ந்த பகுதிகளையும் கூறியாகவேண்டும். டொமி யுத்தத்தில் நிலத்தடியில் சுரங்கம் தோண்டியவன். இரவில் சுவருக்கப்பால் மண்வெட்டியின் ஓசை கேட்டு உறக்கமின்றிக் கிடக்கிறான். அரசன் கொடுத்த பதக்கங்களை எறிந்துவிட்டவன் அவன். யுத்தத்தின்போது தொழிலைத் திறம்பட நடத்திய அவன் அத்தை பொலி, ஆண்கள் திரும்பி வந்ததும் பின்னுக்குத் தள்ளப்படுகிறாள். ஏகாதிபத்திய யுத்தம் ஒரு தெருவை என்ன செய்தது என்பதை இக்காட்சிகள் உரத்த பிரசாரமின்றி உணர்த்துகின்றன. ஆனால் பார்த்தவன் கைத்தொலைபேசியில் எடுத்துச் சென்ற படத்தில் அந்த நடுக்கம் இல்லை. தொப்பியும் புகையும் மட்டுமே உண்டு. குற்றம் முழுவதும் அவனுடையதா? மெதுவாக்கப்பட்ட நடையும், பின்னே எரியும் நெருப்பும், முழங்கும் இசையும் எதற்காக? உரையாடல் சண்டியனைக் கண்டிக்கிறது. ஒளிப்பதிவுக் கருவியோ அவனை வணங்குகிறது. கண்ணுக்கும் காதுக்கும் வழக்கு நேர்ந்தால் திரையில் வெல்வது கண்ணே.

இதன் விளைவு 2023இல் வெளிப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆளுநர் ரொன் டிசான்டிஸ் அப்போது ஜனாதிபதி வேட்பாளராக விரும்பிப் போட்டியில் இறங்கியிருந்தார். பாலினச் சிறுபான்மையினருக்கு எதிரான அவருடைய கடுமையைப் பெருமையாகப் பறைசாற்றி அவருடைய பிரசாரக் குழு பரப்பிய படச்சுருளில் டொமி ஷெல்பியின் காட்சியும் சேர்க்கப்பட்டிருந்தது. நைட், மேர்பி உள்ளிட்டோர் தம் அனுமதியின்றி அது பயன்படுத்தப்பட்டதென்றும் அக்கருத்தைத் தாம் வன்மையாக மறுப்பதாகவும் அறிவித்தனர். அவர்கள் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒடுக்குவோன் தனக்குப் பொருத்தமான முகமூடியென்று இப்படத்தை ஏன் தேர்ந்தெடுத்தான் என்ற வினா அவ்வறிக்கையால் தீர்ந்துவிடவில்லை.

இனி எமது மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். பணியாத தொழிலாளிகள் இந்நாடகத்தில் இல்லாமலில்லை. முதல் தொடரில் பிரெடி தோர்ன் என்றொரு கம்யூனிஸ்ட் வருகிறான். டொமியின் தங்கை ஏடாவை மணக்கிறான். இரண்டாம் தொடர் தொடங்கும்போது அவன் நோயால் இறந்துபோயிருக்கிறான். தொடருக்கும் தொடருக்கும் இடையில், எவர் கண்ணிலும் படாத இறப்பு. அவன் கல்லறையருகே நின்று இரங்கலுரை ஆற்றுபவன் யார்? டொமி ஷெல்பி. கம்யூனிஸ்டின் பிணத்தின்மேல் சண்டியன் பேசும் இக்காட்சியைப் பார்வையாளர் பலர் நட்பின் உருக்கமாகவே கொண்டனர்.

2017இல் வெளிவந்த நான்காம் தொடரில் ஜெஸி ஈடன் வருகிறாள். பெண் தொழிலாளருக்குச் சம ஊதியம் கேட்டு டொமியின் அறைக்குள் நுழையும் தொழிற்சங்கத் தலைவி. நன்று என்று நிமிர்ந்து உட்காருகிறோம். சில அங்கங்களுக்குள் அவள் டொமியின் காதல் வலையில் வீழ்கிறாள். அவள் தோழர்களைப் பற்றிய தகவலை அரசாங்கத்திடம் விற்று அவன் பாராளுமன்றம் புகுகிறான். இவ்வழியில் சென்றவன் அமர்வதோ தொழிற்கட்சியின் ஆசனத்தில்!

ஷெல்பி கற்பனை. ஜெஸி ஈடன் கற்பனையல்லர். பேர்மிங்ஹாமின் லூக்கஸ் தொழிற்சாலையில் வேலைசெய்த அவர், 1926 பொது வேலைநிறுத்தத்தில் தம் பிரிவுப் பெண்களை வெளியே அழைத்து வந்தார். 1931 ஜனவரியில் அங்கு நிருவாகம் பெடோ முறையைப் புகுத்த முனைந்தது. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, விரைந்து செய்பவரின் வேகத்தை எல்லோர்க்கும் விதியாக்கும் முறை அது. அளப்பதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மிக விரைவாக வேலைசெய்த ஜெஸி. தம் கைவேகம் தம் தோழியரின் முதுகில் சாட்டையாகப் போவதை அவர் உணர்ந்தார். பத்தாயிரம் பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர். நிருவாகம் அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் பழிவாங்கப்பட்டு வேலையிழந்த அவர், மொஸ்கோவின் சுரங்கப் புகையிரதப் பாதை அமைக்கும் பணியிலும் பங்குகொண்டார். 1939இல் பேர்மிங்ஹாம் நகரசபைக் குடியிருப்பாளர் பல்லாயிரவர் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்திலும் முன்னின்றார். கடிகாரத்தை மறுத்த அக்கையைவிட நாடகத்துக்கு ஏற்ற காட்சி வேறெது? அதனை விட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தார்கள்.

பாசிசத்தை நாடகம் கையாளும் விதமும் இத்தகையதே. 2019இல் வந்த ஐந்தாம் தொடரில் ஓஸ்வால்ட் மோஸ்லி தோன்றுகிறான். அவன் பேச்சைக் கேட்டுத் தம் காலத்து அரசியல்வாதிகளின் குரலைக் கேட்டதுபோல் திடுக்கிட்டதாகப் பார்வையாளர் பலர் கூறினர். இது மெச்சத்தக்க எதிர்வினை. நாடகத்தின் வெற்றியும் ஆகும். ஆனால் மோஸ்லியைத் தடுக்க நாடகம் காட்டும் வழி, டொமி ஏவும் ஒரு துப்பாக்கி. அதுவும் தவறிப்போகிறது. வரலாற்றில் அவனுக்கு எதிராக எழுந்தோர் 1934 ஜூனில் ஒலிம்பியா மண்டபத்தில் கூட்டத்தின் நடுவே குரலெழுப்பி அடிபட்டவர்கள். 1936 ஒக்ரோபர் 4ஆம் திகதி இலண்டன் கேபிள் வீதியில் தடையரண் அமைத்து அவன் கருஞ்சட்டைப் படையைத் திருப்பியனுப்பிய யூதத் தையற்காரர், ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர், கம்யூனிஸ்டுகள். கதை 1934இல் முடிவதால் கேபிள் வீதியைக் காட்ட முடியாது என்பர் சிலர். 1890களின் காடையரை 1919க்குக் கொண்டுவந்தவர்களுக்கு இரண்டாண்டுகள் ஒரு தடையா?

ஓர் எதிர்வினையை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடவேண்டும். டொமி ஷெல்பி மெய்யாக இருந்தானா என்று தேடிய பார்வையாளருள் சிலர், ஜெஸி ஈடன் யார் என்றும் தேடினர். அவர்களுக்கு விடையளிக்கப் பத்திரிகைகள் அவ்வம்மையாரின் வாழ்வை எழுதின. 1986இல் மறைந்த அவரை அறியாத தலைமுறையொன்று இந்நாடகத்தால், இந்நாடகம் அவருக்கு இழைத்த அநீதியையும் மீறி, அவரை அறிந்தது. வகுப்பறையில் தொப்பியணிந்த படத்தோடு வரும் மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர், முதலில் இந்த இரண்டாவது பெயரை அவனிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

நாடகத்தில் டொமி ஷெல்பி பெருவெற்றியோடு பாராளுமன்றம் செல்கிறான். 1945 பொதுத்தேர்தலில் பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வேர்த் தொகுதியில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்ற ஜெஸி ஈடன் பெற்றவை 1,400க்கும் குறைவான வாக்குகள்.