விழுப்புண்ணும் உளப்புண்ணும்: இரு விளையாட்டுவீரர் வாழ்க்கை நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

சங்கப் புறப்பாடல்கள் காட்டும் வீரயுகச் சமுதாயத்திற் புண்களுக்கும் தரவேறுபாடு இருந்தது. மார்பிலும் முகத்திலும் ஏற்றது விழுப்புண். முதுகில் ஏற்றது புறப்புண். முன்னது புகழுக்குரியது, பின்னது நாணத்துக்குரியது. வெண்ணிப் போர்க்களத்திற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான் என்பது இலக்கிய மாணவர் யாவரும் அறிந்த செய்தியே. மார்பிற் பாய்ந்த படையே முதுகையும் ஊடுருவிற்று என்று விளக்கந் தருவாரும் உளர். அவ்விளக்கம் சரியாயின், அம்மன்னன் புறமுதுகிட்டவன் அல்லன்; ஆயினும் அது அவனுக்கு ஆறுதலாகவில்லை. படை எவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதன்று, வடு எவ்விடத்தில் இருந்தது என்பதே அச்சமுதாயம் கேட்ட வினா.

அந்த வீரயுகம் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. எனினும் அதன் விழுமியங்களும் உடன் மறைந்தன எனக் கொள்வதற்கில்லை. இன்றைய தொழில்முறை விளையாட்டுக் களம் அவை வந்து ஒதுங்கிய புகலிடங்களுள் ஒன்று எனலாம். முறிந்த விரலோடு துடுப்பெடுத்தாடியவனைப் பற்றியும், தலையிற் கட்டுடன் எஞ்சிய ஆட்டத்தை ஆடி முடித்தவனைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாகக் கதைகள் வழங்குகின்றன. உள்ளத்திலே புண்பட்ட வீரனுக்கு அக்கதைகளில் இடமில்லை. அவன் சிகிச்சை நாடிச் செல்லும்போது, அவனது புண்ணை எவ்வகையில் அடக்குவது என்பது அறியாது பார்வையாளர் தடுமாறுகின்றனர். இத்தடுமாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு இரு நூல்கள் பெரிதும் உதவுகின்றன. ஒன்று, இங்கிலாந்தின் துடுப்பாட்ட வீரர் மார்க்கஸ் திரெஸ்கோதிக் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கமிங் பாக் டு மீ’ என்னும் தன்வரலாறு. மற்றையது, ஜேர்மனியின் கோல் காப்பாளர் றொபேட் என்கேயைப் பற்றி அவர்தம் நண்பரும் விளையாட்டுப் பத்திரிகையாளருமான றொனால்ட் றெங் 2010இல் எழுதி, ‘எ லைஃப் டூ ஷோர்ட்’ என ஆங்கிலத்தில் வந்த வாழ்க்கை வரலாறு. முன்னது 2008இலும் பின்னது 2011இலும் பிரித்தானியாவின் வில்லியம் ஹில் விளையாட்டு நூற்பரிசைப் பெற்றன. அப்பரிசை வழங்கியது ஒரு பந்தய நிறுவனம். வீரரின் வெற்றி தோல்விமீது பணம் கட்டுவித்துப் பிழைக்கும் ஒரு தொழில், அவ்வெற்றி தோல்விகளால் நலிந்த உள்ளங்களின் கதைக்குப் பரிசளித்தமை தற்செயலான முரணே எனினும், பொருத்தமற்ற முரணன்று.

திரெஸ்கோதிக் 76 டெஸ்ட் போட்டிகளில் 5,825 ஓட்டங்களும் 14 சதங்களும் பெற்றவர். 2005ஆம் ஆண்டின் இறுதியிற் பாகிஸ்தான் சென்ற இங்கிலாந்து அணிக்கு, காயமுற்ற மைக்கல் வோனுக்குப் பதிலாக முல்தான் டெஸ்டிலே தலைமை தாங்கி 193 ஓட்டங்கள் குவித்தார். அச்சுற்றுப்பயணக் காலத்திலேயே அவருடைய மாமனார் ஏணியிலிருந்து வீழ்ந்து தலையிற் கடுங்காயமுற்றார். வீடு திரும்புவதா, அணியோடு நிற்பதா என்ற போராட்டத்தில் அவர் அணியோடு நின்றார். ஓட்டப் பட்டியலில் அந்த 193 மாத்திரமே பதிவாகியிருக்கின்றது. அவ்வாட்டக் காலத்தில் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதனைப் பதிவுசெய்யும் ஏடு மூன்றாண்டுகளின் பின்னரே வந்தது. நூலின் பெறுமதி முதற்கண் இங்கேதான் தங்கியுள்ளது. எண்களாலேயே ஒரு மனிதனை அளந்து பழகிய வாசகருக்கு, அவ்வெண்களின் மறுபக்கத்தை அது காட்டுகின்றது.

2006 பெப்ரவரியில் அவர் இந்தியச் சுற்றுப்பயணத்திலிருந்து இடைநடுவே வீடு திரும்பினார். பின்னர் தொலைக்காட்சி நேர்காணலொன்றிலே காரணம் வினவப்பட்டபோது, தம்மை ஒரு வைரஸ் பீடித்திருந்தது என்றார். அது உண்மையன்று என்பதைத் தமது நூலிலே அவரே ஒப்புக்கொள்கிறார். அவ்வாண்டு மே மாதம் லோட்ஸ் மைதானத்தில் இலங்கைக்கெதிராக 106 ஓட்டங்களும், யூலை முதலாந் திகதி லீட்ஸில் 121 ஓட்டங்களும் அவர் பெற்றார். லீட்ஸ் ஆட்டத்தை இலங்கை இரசிகர் எளிதில் மறவார். சனத் ஜயசூரியவும் உபுல் தரங்கவும் முதல் விக்கெற்றுக்கு 286 ஓட்டங்கள் சேர்த்த ஆட்டம் அது. அன்று எதிரணியிற் சதமடித்து நின்றவர் தம் நோயை ஒரு வைரசின் பெயரால் மூடியிருந்தவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு அச்சதங்களே சான்று எனக் கொள்ளப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில், ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்ட் தொடங்கு முன்னரே, அவர் அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். 2008 மார்ச்சில் அவருடைய கழகமான சமசெற்றுடன் டுபாய் செல்லப் புறப்பட்டவர், ஹீத்ரோ விமான நிலையத்து மின்பொருட் கடையொன்றின் மூலையில் அழுது குலைந்து, விமானம் ஏற முடியாது வீடு மீண்டார். அம்மாதமே சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற்றார்.

கடைமூலைக் காட்சியை நூல் மறைக்காது சொல்கிறது. வீரத்தைப் பறைசாற்றுவதற்கென்றே அமைந்த ஓர் இலக்கிய வகையில், வீரன் தன் வீழ்ச்சியை இத்துணை நாணமின்றி எழுதியமை ஒரு திருப்பம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இந்நூலின் வரம்பும் அதன் வகையினாலேயே அமைகின்றது. தன்வரலாறு தனிமனிதனையே காரணமாகவும் தீர்வாகவும் காணும் இயல்பினது. ஆண்டில் எத்தனை மாதங்கள் ஒருவன் தன் மனைவி மக்களைப் பிரிந்து விடுதி அறைகளில் வாழலாம், அக்கால அட்டவணையை வகுப்போர் யாவர், ஒளிபரப்பு உரிமையின் விலைக்கும் அதற்கும் தொடர்பு யாது என்ற வினாக்கள் வாசகருள்ளத்தில் எழுகின்றன. நூல் அவற்றின் விளிம்புவரை வந்து, மீண்டும் தன் நோயாளியிடமே திரும்பிவிடுகின்றது. தொழில்முறை வீரன் தன் உழைப்பை விற்பவன். அவன் உடல் பழுதுற்றாற் செப்பனிடுவதற்கு ஏற்பாடு உண்டு. ஏனெனில் அது முதலீடு. உள்ளம் பழுதுற்றால் அது அவனது சொந்த விவகாரமாகிவிடுகின்றது.

என்கேயின் கதை இதனினும் கொடிது. பார்சிலோனாக் கழகத்திற்குச் சென்ற அவர், 2002 செப்ரெம்பரில் நொவெல்டா என்னும் சிறு கழகத்திடம் கண்ட தோல்விக்குத் தம் அணியினராலேயே பகிரங்கமாகக் குறை கூறப்பட்டார். 2003இல் இஸ்தான்புல்லில் ஃபெனர்பாஹ்சே கழகத்துக்காக ஆடிய ஒரேயொரு லீக் ஆட்டத்தில், சொந்த இரசிகரே அவர்மீது போத்தல்களை வீசினர். அதன்பின் கடும் மனச்சோர்வு நோய் அவரைப் பற்றியது. சிகிச்சை பெற்று மீண்டு, ஹனோவர் கழகத்திற் சேர்ந்து, தேசிய அணியிலும் இடம்பெற்றார். 2009இல் நோய் மீண்டது. அவ்வாண்டு நவம்பர் 10ஆந் திகதி, 32 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இத்தகைய வரலாற்றை எழுதப் புகுவோர், தோல்வி, அவமானம், இழப்பு, மரணம் என ஒரு சங்கிலியைக் கோத்துவிடுவது எளிது. றெங் அவ்வாறு செய்யாமையே அவர் நூலின் தலையாய சிறப்பு. என்கேயின் பச்சிளம் மகள் 2006இல் இதயநோயால் இறந்தாள். கதை கட்டுவோர் எவரும் நோயின் மீட்சியை அவ்விடத்திலேயே வைப்பர். உண்மையில் அக்கொடுந்துயரை அவர் தாங்கினார். சில நாள்களிலேயே களமிறங்கினார். நோய் திரும்பியதோ, ஜேர்மனியின் முதல்நிலைக் கோல் காப்பாளராக 2010 உலகக் கிண்ணத்துக்குச் செல்வார் எனப் பலரும் எதிர்பார்த்த காலத்தில். துயரம் வேறு, நோய் வேறு என்ற வேறுபாட்டை இதனினுந் தெளிவாக உணர்த்தும் நூல்கள் அரிது. ‘எல்லாம் இருந்தும் இவருக்கு என்ன குறை’ என்று கேட்போருக்கு அந்நூல் தரும் விடை, அவ்வினாவே பிழையானது என்பதாகும்.

என்கே சிகிச்சையை நாடாதவர் அல்லர். உளமருத்துவர் ஒருவரிடம் தொடர்ந்து சென்றார். அவர் தந்தையாரே உளச்சிகிச்சையாளர். அறியாமை அவரைத் தடுக்கவில்லை. ஊரறியும் என்ற அச்சமே தடுத்தது. மருத்துவமனையிலே தங்கிச் சிகிச்சை பெற அவர் உடன்படவில்லை. செய்தி வெளிப்பட்டால் உதைபந்தாட்ட வாழ்வு முடிந்துவிடும் என்றும், அவ்வாண்டு தத்தெடுத்த பெண்குழந்தையைத் தம்மிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்றும் அவர் அஞ்சியதை, மறுநாள் பத்திரிகையாளர் முன்னிலையில் அவர் மனைவியார் எடுத்துரைத்தார். தம் உண்மை நிலையை மறைத்ததற்காக என்கே குடும்பத்தினரிடமும் மருத்துவரிடமும் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

ஹனோவர் மைதானத்தில் நடைபெற்ற இறுதி அஞ்சலிக்கு ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் தியோ ஸ்வான்சிகர், உதைபந்தாட்டமே வாழ்வின் எல்லாமும் ஆகிவிடலாகாது என்ற கருத்துப்பட உரையாற்றினார். உயிரோடிருந்தபோது அம்மனிதர் தம் நோயின் பெயரைச் சொல்லத் துணியாத அதே மைதானம் அது. பெருஞ்சேரலாதனின் வடக்கிருத்தலைப் புலவர் பாடியதுபோல இம்மரணத்தையும் ஒரு வீரச்சாவாகப் பாடிவிடும் ஆசை அக்கூட்டத்துக்கு இல்லாமலில்லை. றெங்கின் நூல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. என்கேயைக் கொன்றது நாணமன்று, நோய். நாணம் செய்தது, அந்நோய்க்குரிய சிகிச்சையை முழுமையாகப் பெறவொட்டாது தடுத்தமையே.

இரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது ஓர் ஒற்றுமை புலனாகின்றது. 2006இல் திரெஸ்கோதிக் சொன்ன காரணம் வைரஸ். 2009 இலையுதிர் காலத்தில் என்கே தேசிய அணியின் ஆட்டங்களைத் தவறவிட்டபோது வெளியுலகுக்குக் கூறப்பட்டதும் ஒரு நோய்த்தொற்றே. வெவ்வேறு நாட்டினரும் வெவ்வேறு ஆட்டத்தினருமான இருவர் கிருமியிடமே அடைக்கலம் புகுந்தனர். கிருமி வெளியிலிருந்து வருவது, பகைவனின் அம்புபோல. அதனால் வீழ்ந்தவன் மார்பிற் புண்பட்டவனாகிறான். அவன்மீது பழியில்லை.

பின்வந்த நிகழ்ச்சிகள் இதனையே வேறுவகையில் நிறுவுகின்றன. 2013 நவம்பரில் இங்கிலாந்தின் ஜொனதன் ட்ரொட் பிறிஸ்பேன் டெஸ்டின் பின் நாடு திரும்பியபோது பரவலான அனுதாபம் கிட்டியது. அவரது ஆட்டத்தைப் பலவீனம் என அதற்கு முன்னர் இகழ்ந்திருந்த டேவிட் வோணரே தாம் கூறியதற்கு வருந்த நேர்ந்தது. 2014 மார்ச்சில் ட்ரொட், தமக்கு வந்தது மனச்சோர்வு நோயன்று, முற்றாகக் களைத்துப்போன நிலையே என விளக்கினார். உடனே, தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வதாக மைக்கல் வோன் பத்திரிகையில் எழுதினார். மனிதர் அவரே, வேதனையும் அதுவே; மாறியது நோயின் பெயர் மாத்திரமே. அடுத்த மாதமே பதற்றம் மீண்டும் தலைதூக்க, ட்ரொட் கழக ஆட்டத்திலிருந்தும் விலக நேர்ந்தது.

2021 மே மாதம் பிரெஞ்சு பகிரங்க ரெனிஸ் போட்டியில் நயோமி ஒசாக்கா, பத்திரிகையாளர் கூட்டங்கள் வீரர்களின் மனநலத்தைப் பாதிக்கின்றன எனக் கூறி அவற்றைத் தவிர்த்தார். 30ஆந் திகதி அவருக்கு 15,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. போட்டியிலிருந்து நீக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. மறுநாள் அவர் போட்டியிலிருந்து விலகி, 2018 முதல் தாம் மனச்சோர்வினால் அவதியுறுவதாக அறிவித்தார். அதன்பின்னரே அமைப்பாளரின் மொழி ஆதரவு மொழியாயிற்று. நோயின் பெயரைச் சான்றிதழ்போல நீட்டினாலன்றி வாயில் திறப்பதில்லை. அதே ஆண்டு யூலையில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியிடையே சிமோன் பைல்ஸ் விலகியபோது அவரைக் கோழை என்றோர் ஒருபுறமிருக்க, அவருக்காக வாதாடியோர் முன்வைத்த வாதமும் நோக்கத்தக்கது. அந்தரத்திற் சுழலும்போது திசையுணர்வு தவறினாற் கழுத்து முறியும் என்றே அவர்களுட் பலர் கூறினர். உண்மைதான். ஆனால் உள்ளத்துக்காக வழக்குரைப்போரும் ஈற்றில் உடலையே சாட்சிக்கு அழைக்கவேண்டியிருந்தது.

நிலைமை சிறிதும் மாறவில்லை என்பது நேர்மையாகாது. என்கேயின் அதே ஹனோவர் கழகத்தின் மற்றொரு கோல் காப்பாளர் மார்க்குஸ் மில்லர், 2011 செப்ரெம்பரில் தம் உளச்சோர்வை வெளிப்படையாக அறிவித்துச் சிகிச்சைக்குச் சென்று, மீண்டும் கழகத்துக்குத் திரும்பினார். 2019 ஒக்ரோபரில் இலங்கைக்கெதிரான தொடரிடையே அவுஸ்திரேலியாவின் கிளென் மக்ஸ்வெல் விலகியபோது, அவருடைய அணியினர் மாத்திரமன்றி எதிரணித் தலைவர்களுள் ஒருவரான விராத் கோலியும் அவரைப் பாராட்டினார். தொடரின் முதலாட்டத்தில் 28 பந்துகளில் 62 ஓட்டங்கள் குவித்தவர் மக்ஸ்வெல். சதமடித்தவன் நலமாயிருக்கிறான் என்ற பழைய கணக்கு அன்றாவது சிறிது பிழைத்தது. எனினும் இப்பாராட்டுகள் யாவும் ஏற்கெனவே புகழ் ஈட்டியவர்களுக்கே கிட்டியுள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. அணியில் இன்னும் இடம் உறுதிப்படாத இருபது வயது இளைஞன் ஒருவன் இவ்வாறு கூறினால் யாது நிகழும் என்பதை இவ்விரு நூல்களும் சொல்லவில்லை. அவன் நூல் எழுதும் நிலையை அடைவதுமில்லை.

திரெஸ்கோதிக்கின் நூற்றலைப்பு ‘என்னிடம் மீளல்’ என்று பொருள்படும். நூல் வெளிவந்த மறு ஆண்டு, 2009 ஒக்ரோபரில், அவர் சமசெற் அணியுடன் மீண்டும் இந்தியாவுக்குச் சென்றார். ஐதராபாத்தில் பழைய நோய் மறுபடியும் தலைகாட்டியது. கழகம் உள்ளதை உள்ளவாறே அறிவித்தது. வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை. அவர் வீடு திரும்பினார். 2019 வரை சமசெற் அணிக்குத் தொடர்ந்து ஆடினார். அவர் ஐதராபாத்திலிருந்து திரும்பிய அந்நாள்களில் ஹனோவரில் என்கே தம் நோயை மறைத்தபடி பயிற்சிக்குச் சென்றுகொண்டிருந்தார். நவம்பர் 8ஆந் திகதி ஹம்பேர்க் அணிக்கெதிராக ஆட்டம் முழுவதும் கோலைக் காத்து நின்றார். ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது.